ஆட்டுச் சந்தையில் ஓர் அட்டவணை

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டத்தில் உள்ள சின்னப் பேரூர் அது. மலைமேல் இருக்கிற பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளின் ஜனங்கள் உப்புக்கும் துணிக்கும் மருந்துக்கும் மனுக் கொடுப்பதற்கும் இறங்கி வருகிற இடம். விடிகிற வேளையில் சந்தைத் திடலுக்குப் போய் நின்றால் ஆட்டின் சத்தத்துக்கு மேலே மனிதர்களின் சத்தம் கேட்கும்.

அங்கே ஆடு வாங்குகிறவனை நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். அவன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். முதுகுத்தண்டின் மேல் கட்டை விரலை ஓட்டிப் பார்க்கிறான். இரண்டு கையாலும் தூக்கி எடையைக் கணக்குப் போடுகிறான். பிறகு அதைக் கீழே விட்டுவிட்டு அடுத்த ஆட்டிடம் போகிறான். அவன் ஒப்பிடுகிறான். ஒப்பிடுவதற்கு அவனுக்கு யோக்கியதை இருக்கிறது. ஏனென்றால் அவன் கையில் பணம் இருக்கிறது. திடலில் நூறு ஆடு நிற்கிறது. இது வேண்டாம் என்றால் அது.

நான் ஆடு வாங்கப் போகவில்லை. என் சட்டைப் பையில் ஒரு நண்பர் தயாரித்த அட்டவணை இருந்தது. அதைச் சரிபார்க்கத்தான் போயிருந்தேன்.

நண்பர் நல்லவர். கல்வியில் அக்கறை உள்ளவர். ஒடுகத்தூரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் இருக்கிற அரசு நடுநிலைப் பள்ளிகளையெல்லாம் வரிசைப்படுத்தி, கட்டடம், கழிப்பறை, குடிநீர், கணினி, மாணவர் தொகை, ஆசிரியர் தொகை, தேர்ச்சி என்று கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று எண்ணும் போட்டிருந்தார். "இதைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை எழுதுங்கள். பெற்றோர்களுக்கு உபயோகமாக இருக்கும்" என்றார். சமவெளிப் பள்ளிகள் மேலே இருந்தன. மலைப் பள்ளிகள் கீழே இருந்தன. மிகவும் கீழே இருந்த பள்ளிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு வேறு.

இதோ, கட்டுரை எழுதுகிறேன். ஆனால் நண்பர் எதிர்பார்த்த கட்டுரை அல்ல.

சந்தையின் ஓரத்தில் வேப்ப மரத்தடியில் இரண்டு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மலைக்காரர் நின்றிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். மகள் எட்டாவது முடித்துவிட்டாளாம். மேலே படிக்கவேண்டுமானால் கீழே விடுதியில் சேர்க்க வேண்டும். பெட்டி, வாளி, துணிமணி, போக வர பஸ் செலவு. அதற்குத்தான் இந்த ஆடுகள். "உங்கள் பக்கத்தில் எது நல்ல பள்ளிக்கூடம்?" என்று நான் கேட்டேன். என் கேள்வி அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நல்ல பள்ளிக்கூடம், கெட்ட பள்ளிக்கூடம்னு எங்களுக்கு ஏதுங்க சார்? இருக்கிறதே ஒண்ணு. வாத்தியார் வர்ற அன்னிக்கு அது நல்ல பள்ளிக்கூடம். வராத அன்னிக்குப் புள்ளைங்க ஆடு மேய்க்கும்."

நண்பருடைய அட்டவணை முழுவதும் இந்த ஒரு பதிலில் அடிபட்டுப் போயிற்று. ஒப்பிடுதல் என்பது தேர்ந்தெடுக்கக் கூடியவனுக்கு உள்ள வசதி. தேர்ந்தெடுக்க முடியாதவனிடம் போய், 'உன் பள்ளி பதினேழாவது இடத்தில் இருக்கிறது' என்று சொல்வது அவனுக்குத் தகவல் சொல்வதாகாது; அவனை அவமானப்படுத்துவதாகும்.

சரி, ஒப்பிடத்தான் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். எதை எதனோடு ஒப்பிடுகிறோம்?

'அரசுப் பள்ளி' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். அந்த ஒரே வார்த்தைக்குள் பல எஜமானர்கள் இருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி பள்ளிக் கல்வித் துறைக்கு உரியது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு வேறு துறை. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையைச் சேர்ந்தவை. ஜவ்வாது மலைத் தொடரில் வனத்துறையே நடத்துகிற பள்ளிகளும் உண்டு. மரத்தையும் மானையும் காக்கிற இலாகா அகரமும் கற்பிக்கிறது! பாடப் புத்தகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் ஆசிரியரை நியமிக்கிறவர் வேறு. மாற்றல் உத்தரவு போடுகிறவர் வேறு. கூரை ஒழுகினால் மனுக் கொடுக்க வேண்டிய இடம் வேறு.

2023-24ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், இந்தப் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவரப் போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று தனியே ஏற்பட்ட பள்ளிகளின் நோக்கம் கரைந்துபோகும் என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நான் சொல்ல வருவது அதைப் பற்றி அல்ல. வெவ்வேறு இலாகாக்கள் வெவ்வேறு விதமாக நடத்துகிற பள்ளிகளை ஒரே அட்டவணையில் நிறுத்தி, பதினேழாவது இடத்துப் பழியை அந்தத் தலைமையாசிரியர் தலையிலும் அந்தக் குழந்தைகளின் தலையிலும் வைக்கிறோமே, அதுதான் அநியாயம். பந்தயத்தில் ஒருவன் காலில் கல்லைக் கட்டிவிட்டவர்கள் யாரோ, தோற்றதாக எழுதப்படுவது ஓடினவன் பெயர்!

அட்டவணையின் எண்களுக்கு வருவோம். எண்கள் பொய் சொல்லாது என்பார்கள். எண்கள் பொய் சொல்லாமல் இருக்கலாம். எண்களைக் கட்டத்தில் அடைக்கிறவர்கள் அறியாமலே பொய் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: சமவெளியில் ஒரு நடுநிலைப் பள்ளி, 245 மாணவர்கள், 7 ஆசிரியர்கள். ஓர் ஆசிரியருக்கு 35 பேர். மலையில் ஒரு நடுநிலைப் பள்ளி; 48 மாணவர்கள், 3 ஆசிரியர்கள். ஓர் ஆசிரியருக்கு 16 பேர். ஆகா, மலைப் பள்ளியில்தான் கவனிப்பு அதிகம் என்று அட்டவணை சொல்லும். ஆனால் ஒன்று முதல் எட்டு வரை எட்டு வகுப்புகளை அந்த மூன்று பேர்தான் நடத்த வேண்டும். ஒருவர் ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ கீழே இறங்கினால் மீதி இரண்டு பேர். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் ஒரே ஒருவர். ஒரு மனிதர், எட்டு வகுப்பு, ஒரு கரும்பலகை! 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இந்த ஏமாற்று வித்தையை முன்கூட்டியே அறிந்துதான் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும், கணிதமும் அறிவியலும் நடத்த ஒருவர், சமூகவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று அது சொல்கிறது. தொடக்க வகுப்புகளில் குழந்தைகள் குறைவாக இருந்தாலும் இரண்டு பேர் வேண்டும் என்கிறது. ஆகவே நாம் கணக்குக்காக எடுத்துக்கொண்ட அந்தச் சின்னப் பள்ளிக்குச் சட்டப்படி ஐந்து பேராவது இருக்க வேண்டும். நண்பருடைய அட்டவணையில் 'இருக்கிறவர்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. 'இருக்க வேண்டியவர்கள்' என்று ஒரு கட்டம் இல்லை.

இன்னொரு கணக்கு. ஒரு பள்ளியில் முதல் வகுப்பில் 20 பிள்ளைகள் சேர்ந்தார்கள். எட்டாம் வகுப்பு வரை நிலைத்தவர்கள் 8 பேர். எட்டுப் பேரும் நன்றாக எழுதப் படிக்கிறார்கள். நூற்றுக்கு நூறு! இன்னொரு பள்ளியிலும் 20 பேர் சேர்ந்தார்கள். அங்கே ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய், காட்டுக்குப் போன பிள்ளையையும் தம்பியைத் தூக்கிக்கொண்டிருந்த பெண்ணையும் மறுபடி அழைத்துவந்து, எட்டாம் வகுப்பில் 18 பேரை உட்கார வைத்தார்கள். அவர்களில் 13 பேர் நன்றாகப் படிக்கிறார்கள். 5 பேர் தடுமாறுகிறார்கள். நூற்றுக்கு எழுபத்திரண்டு. எது முதலிடம்? அட்டவணை முதல் பள்ளிக்குத்தான் மாலை போடும். பன்னிரண்டு பிள்ளைகளைத் தொலைத்த பள்ளிக்கு வெற்றி. பதினெட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றிய பள்ளிக்குச் சிவப்புக் கோடு! தொலைந்த பிள்ளைகள் பரீட்சை எழுதுவதில்லை. ஆகையால் அவர்கள் யாருடைய சராசரியையும் கெடுப்பதில்லை.

அவர்கள் எங்கே போகிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஜவ்வாது மலைப் பள்ளிகளைப் பற்றிப் பேசுவது பாவம் என்று நான் நினைக்கிறேன்.

சிலர் தாய் தகப்பனோடு பிழைப்புத் தேடி வெளியூர் போகிறார்கள். சில பெண்களுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது. பையன்கள் சிலரை யாரோ ஒரு தரகன் வந்து கூப்பிடுகிறான். மரம் வெட்டும் வேலை, கை நிறையப் பணம் என்கிறான். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7ஆம் தேதி ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழ்த் தொழிலாளர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, நினைவிருக்கிறதா? அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்த ஊர்க்காரர்கள். அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் இருந்த குழந்தைகள்தாமே? அவர்கள் எத்தனாம் வகுப்போடு நின்றார்கள் என்று எந்த இலாகாவாவது ஓர் அட்டவணை போட்டதா?

நடுநிலைப் பள்ளி என்ற அமைப்பிலேயே ஒரு விபரீதம் இருக்கிறது. அது எட்டாம் வகுப்போடு முடிகிறது. சட்டம் கொடுக்கிற இலவசக் கட்டாயக் கல்வி உரிமையும் அங்கேயே, 6 முதல் 14 வயது என்ற வேலியோடு முடிகிறது. சமவெளிப் பிள்ளைக்கு இது ஒரு வாசலைத் தாண்டி அடுத்த அறைக்குப் போவது போல. உயர்நிலைப் பள்ளி பக்கத்துத் தெருவில் இருக்கும், சைக்கிளில் போய்விடுவான். மலைப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு என்பது பாதை முடிகிற பாறை. அதற்குமேல் போக விடுதி வேண்டும், ஆட்டை விற்க வேண்டும், பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தெரியாத ஊரில் விட்டுவரத் தாய்க்குத் துணிச்சல் வேண்டும்.

பாதை என்றேன். வெறும் உவமைக்காகச் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதம் இதே அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பி வரும்போது ஆம்புலன்சும் பாதி வழியில் நின்றுவிட, பெற்ற தாய் அந்தச் சிறு உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலைப் பாதையில் நடந்தாள். தேசம் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது. இரண்டு நாள் வருந்தியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதைதான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்கவேண்டும் என்பது கல்வி உரிமை விதிகளின் ஏற்பாடு. கடினமான நிலப்பகுதியில் அந்தத் தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. காகிதத்தில் எவ்வளவு கருணை! ஆனால் காகிதத்தில் 3 கிலோமீட்டர் என்பது ஓர் எண். மலையில் அது ஓர் ஓடை, ஒரு சரிவு, ஒரு புதர்க்காடு, ஐப்பசி மழை.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'ஒப்பிடாவிட்டால் யாருக்கும் பயம் இராது. கேள்வி கேட்பார் இல்லாத பள்ளி தூங்கிவிடும்' என்பார்கள். உண்மை. இந்தச் சண்டை பிரிட்டனிலும் நடந்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1992 முதல் பள்ளிகளின் பரீட்சை முடிவுகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். 2001இல் வேல்ஸ் மட்டும் அந்தப் பட்டியலைக் கைவிட்டது. அதன்பின் அங்கே, மேல்மட்டப் பள்ளிகளைத் தவிர மற்றப் பள்ளிகளின் தரம் இறங்கியதாகப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டு 2010இல் வெளியிட்டார்கள். என் கட்சிக்கு விரோதமான சாட்சியத்தை நானே கொண்டுவந்து வைக்கிறேன். ஆகவே ஒப்பீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்குக் கேட்கத்தான் வேண்டும். யாரிடம் கணக்குக் கேட்பது என்பதில்தான் எனக்குத் தகராறு.

கார்டிஃபில் ஒரு பள்ளி பின்தங்கினால் அதன் தலைமையாசிரியரைக் கேட்கலாம். அவர் கையில் ஆளும் பணமும் அதிகாரமும் ஓரளவு இருக்கின்றன. நம் மலைப் பள்ளித் தலைமையாசிரியர் கையில் என்ன இருக்கிறது? ஓர் ஆசிரியரை நியமிக்க அவரால் ஆகாது. உடைந்த ஓட்டை மாற்ற மனுப் போட வேண்டும். சாலை போட முடியாது. பாலம் கட்ட முடியாது. அவரால் முடிந்ததெல்லாம் தினமும் வந்து சேர்வதுதான். அந்தப் பாதையில் அதுவே ஒரு தவம். அவரை எதற்காகப் பட்டியலில் பதினேழாவதாக நிறுத்த வேண்டும்? நிறுத்துகிறதானால் நியமிக்க வேண்டியவரை நிறுத்துங்கள். சாலை போட வேண்டியவரை நிறுத்துங்கள். துறைகளை வரிசைப்படுத்துங்கள், முதலிடம் இரண்டாமிடம் என்று போடுங்கள்; நானே கூட இருந்து கோடு கிழித்துத் தருகிறேன்.

பட்டியலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கடைசி இடத்தில் இருக்கிற பள்ளியைப் பார்த்ததும், 'இதை எதற்கு வைத்திருக்க வேண்டும்? பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாமே' என்று ஒரு புத்திசாலிக்குத் தோன்றும். மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் சென்ற பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான சின்னப் பள்ளிகள் இப்படித்தான் இணைக்கப்பட்டன. தமிழகத்திலும் 2019இல் பிள்ளைகளே இல்லாத பள்ளிகளை மூடி நூலகமாக்குவது என்று ஆரம்பித்தார்கள். நகரத்தில் இரண்டு பள்ளிகளை இணைத்தால் பிள்ளை ஒரு தெரு அதிகமாக நடப்பான். மலையில் இரண்டு பள்ளிகளை இணைத்தால் ஒரு ஊரின் படிப்பு நின்றுபோகும்.

நம்முடைய முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிட விவேகிகளாக இருந்தார்கள். 1953இல் வந்த அரை நேரப் படிப்புத் திட்டம் 1954இல் காமராஜ் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. பிறகு மதிய உணவு வந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஜனங்கள் பெஞ்சும் மணியும் கடிகாரமும் கட்டடமுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தத் தலைமுறை கேட்ட முதல் கேள்வி, 'எந்தப் பள்ளி சிறந்த பள்ளி?' என்பதல்ல. 'எந்த ஊரில் பள்ளி இல்லை?' என்பது. அடுத்த கேள்வி, 'எந்தக் குழந்தை வரவில்லை, ஏன் வரவில்லை?' என்பது. பசியினால் வரவில்லை என்று தெரிந்தது, சோறு போட்டார்கள். இன்று காலைச் சிற்றுண்டியும் சேர்ந்திருக்கிறது, நல்ல காரியம். ஆனால் அந்தப் பழைய கேள்வியை மட்டும் நாம் எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

மதிப்பெண்ணை வைத்து மனிதனை அளப்பதில் எனக்குச் சொந்தமாகவே ஒரு மனக்குறை உண்டு. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எந்தப் பள்ளியின் பெருமைப் பட்டியலிலும் என் பெயர் இராது. என்னை விடுங்கள். இதே ஜவ்வாது மலைத் தொடரில், திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில், வானத்தை ஆராயும் நிலையம் இருக்கிறது. 1988இல் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். கும்பகோணத்துக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்து, எஃப். ஏ. பரீட்சையில் தேறாமல் போன அதே ராமானுஜன்! அவர் படித்த கல்லூரியை அந்த வருஷம் என் நண்பர் அட்டவணை போட்டிருந்தால், சராசரியைக் கெடுத்த பிள்ளை என்று அவரைத்தான் எண்ணியிருப்பார். பரீட்சை கைவிட்டவரை யாரோ சிலர் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துக் காப்பாற்றினார்கள். மலைப் பள்ளியிலிருந்து தொலைந்துபோன பிள்ளையின் நோட்டைப் பிரித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

சந்தை கலைகிற நேரத்தில் அந்த மலைக்காரர் ஒரு ஆட்டைத்தான் விற்றிருந்தார். மற்றதற்கு அவர் கேட்ட விலை கிடைக்கவில்லை. வியாபாரிகள் பல்லைப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். "ஒண்ணு வித்தது போதுமா?" என்று கேட்டேன். "பெட்டி வாங்கலாம். மத்ததை அடுத்த வாரம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, விற்காத ஆட்டை ஓட்டிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் போனார்.

நண்பருடைய அட்டவணையை நான் கிழித்துப் போடவில்லை. முதலிடம், இரண்டாமிடம் என்று போட்டிருந்த கடைசிக் கட்டத்தை மட்டும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று கட்டங்கள் புதிதாகப் போட்டேன். 'சட்டப்படி இருக்க வேண்டிய ஆசிரியர் எத்தனை பேர், அவர்களை நியமிக்க வேண்டிய துறை எது?' என்பது ஒன்று. 'மிகத் தொலைவிலிருந்து வருகிற பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறான்?' என்பது ஒன்று. 'எட்டு வருஷத்துக்கு முன் முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் இன்று ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர், மற்றவர்கள் எங்கே?' என்பது மூன்றாவது.

தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் போய், இந்த மூன்று கட்டங்களையும் நிரப்பி அனுப்புங்கள், அப்போது நீங்கள் கேட்ட கட்டுரையை எழுதுகிறேன் என்று கூடவே ஒரு கடிதமும் வைத்தேன். நண்பரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.